நிறுத்தத் தெரிந்த இசை: நண்பரின் திருமணத்தில் கிளாரினெட்

1. கேள்வி

மேற்கத்திய நாடுகளில் கிளாரினெட் கற்றவர்களுக்கு என்றாவது ஒருநாள் அந்த அழைப்பு வந்து சேர்கிறது: நண்பருக்குக் கல்யாணம், நீதான் வாசிக்க வேண்டும். கேட்கப்படுபவர் தொழில்முறைக் கலைஞராக இருக்கலாம். பள்ளி இசைக்குழுவோடு நிறுத்திக்கொண்டவராகவும் இருக்கலாம். இருவருக்கும் மறுக்க வழியில்லை. சம்மதித்துவிட்டு வீட்டுக்கு வந்து இசைத்தாள்களைப் புரட்டும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

ஆர்கன் வாசிப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மணப்பெண் உள்ளே வர வாக்னர், மணமக்கள் வெளியே போக மெண்டல்சோன் என்று அவருக்கு வழக்கமே வழிகாட்டிவிடுகிறது. வயலின் குழுவுக்குப் பாகெல்பெல்லின் 'கேனன்' இருக்கிறது. டிரம்பெட்காரருக்கு, நெடுங்காலம் பர்செல் எழுதியதாகத் தவறாகச் சொல்லப்பட்டுவந்த, ஜெரமையா கிளார்க்கின் 'டென்மார்க் இளவரசர் அணிநடை' இருக்கிறது. கிளாரினெட்டுக்கென்று அப்படி ஒன்று நிலைபெறவில்லை. இத்தனைக்கும் மோட்சார்ட், வெபர், ஷூமன், பிராம்ஸ், சான்-சான்ஸ், புலான்க் என்று பெரிய கைகள் எல்லாம் அக்கருவிக்கு எழுதியிருக்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது, எந்த அளவுகோலை வைத்து எடுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கத்தில் இரண்டு பதில்கள் உள்ளன. கிளாரினெட் இலக்கியத்தில் மிக அழகான மெதுநடைப் பகுதி எதுவோ அதை வாசிப்பது முதலாவது. அந்தத் தேடல் பெரும்பாலும் மோட்சார்ட்டின் கான்செர்ட்டோவில் வரும் அடாஜியோவில் போய் முடியும். பாட்டின் பிறப்புக் கதையைப் பார்த்து, மங்கலமில்லாதவற்றைத் தள்ளிவிடுவது இரண்டாவது. இரண்டுமே பாட்டை மேடையில் கேட்கும் பழக்கத்திலிருந்து பிறந்தவை. திருமணம் மேடைக் கச்சேரி ஆகாது என்பதை இரண்டும் கணக்கில் எடுக்கவில்லை.

2. கோயிலுக்குள் நுழையத் தடுமாறிய கருவி

கிளாரினெட்டுக்குத் திருமண மரபு ஏன் அமையவில்லை என்பதற்கு வயது ஒரு காரணம். நியூரம்பர்க் நகரத்து டென்னர் குடும்பப் பட்டறையில் 1700ஐ ஒட்டி உருவான கருவி அது. அதற்குள் ஆர்கன் ஐரோப்பியத் தேவாலயங்களில் பல நூற்றாண்டுகள் வேரூன்றியிருந்தது.

வயதைவிடப் பெரிய காரணம் திருச்சபையின் தயக்கம். 1903 நவம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் தேவாலய இசை குறித்து வெளியிட்ட ஆணையில் பியானோவுக்கு இடமே இல்லை; வாத்தியக் குழுக்கள் தேவாலயத்துக்குள் வாசிப்பதும் தடைசெய்யப்பட்டது. ஊதுகருவிகளை மட்டும் ஆயரின் அனுமதியோடு, குறைந்த எண்ணிக்கையில், ஆர்கனுக்கு உரிய கம்பீரமான பாணியில் பயன்படுத்தலாம் என்று ஒரு சிறு கதவு திறந்துவைக்கப்பட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு அந்தக் கதவை அகலப்படுத்தி, பிற கருவிகளை ஏற்கும் பொறுப்பை அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்திடம் விட்டது. கத்தோலிக்கத் தேவாலயத்தில் கிளாரினெட் தயக்கமின்றி ஒலிக்கத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளே ஆகின்றன.

இங்கிலாந்தின் கதை சற்று வேறு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டுக் கிராமத் தேவாலயங்களின் மேற்கு மாடத்தில் ஊர்க்காரர்களே வாசித்த சிறு குழுக்கள் இருந்தன. வயலின், செல்லோ, பசூன் ஆகியவற்றோடு கிளாரினெட்டும் அவற்றில் இருந்தது. பிறகு ஆர்கனும் ஹார்மோனியமும் வந்து அக்குழுக்களைக் கீழே இறக்கின. அந்த மாற்றத்தையே கதையாக்கிய தாமஸ் ஹார்டியின் 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' (1872) நாவலில், பதவி பறிபோகவிருக்கும் மாடக் குழுவினரே கிளாரினெட்டை வழிபாட்டுக்கு ஒவ்வாதது என்று பழித்துத் தந்திக் கருவிகளை மெச்சுகிறார்கள். விரட்டப்படுகிறவர்கள் தங்களுக்கும் கீழே ஒருவரைக் கண்டுபிடித்துக்கொள்ளும் நகைச்சுவை அது. நாவல் திருமணத்தில்தான் முடிகிறது.

இன்றைய நிலையில் வாசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது திருமணம் எங்கே நடக்கிறது என்பதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவாளர் முன் நடக்கும் திருமணத்தில் சமய வழிபாடு இடம்பெறக் கூடாது. ஆகவே ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'வை அங்கே வாசிக்க நினைப்பவர் பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அதே பாட்டைச் சில கத்தோலிக்கக் குருக்கள் வேறு காரணத்துக்காக மறுப்பதுண்டு: 1825இல் ஷூபர்ட் இசையமைத்தது வால்ட்டர் ஸ்காட்டின் நெடுங்கவிதையில் குகையில் ஒளிந்திருக்கும் எலன் என்ற பெண் பாடும் பாட்டுக்கு, வழிபாட்டு நூலில் உள்ள செபத்துக்கு அல்ல. பதிவகத்துக்குச் சமயம் மிகுதி, தேவாலயத்துக்குச் சமயம் போதாது என்று இரண்டு வாசலிலும் நிற்கும் பாட்டு அது.

3. பிறப்புக் கதை எவ்வளவு தூரம் முக்கியம்?

திருமண இசை பற்றிய விவாதங்களில் அதிகம் அடிபடும் பெயர் வாக்னரின் 'லோஹன்கிரின்'. லிஸ்ட் நடத்த 1850 ஆகஸ்டில் வைமாரில் அரங்கேறிய அந்த இசைநாடகத்தில் மணமகள் பாட்டு ஒலிப்பது சடங்கு முடிந்து, தம்பதியரைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்லும்போது. அடுத்த சில நிமிடங்களில் மணமகள் எல்சா கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். திருமணம் அன்றிரவே உடைகிறது. நாடக முடிவில் அவள் உயிரும் போகிறது. இப்படிப்பட்ட கதையின் பாட்டுக்கு லட்சக்கணக்கான மணப்பெண்கள் நடந்து வந்திருக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவத் திருமணங்களில் கீபோர்டில் கேட்பதும் அதே பாட்டுதான். வாக்னரின் யூத வெறுப்பு காரணமாக யூதத் திருமணங்களில் அதைத் தவிர்ப்பது வேறு விஷயம். அது பாட்டின் கதையைப் பற்றியது அல்ல, எழுதியவரைப் பற்றியது.

மெண்டல்சோனின் அணிநடை ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்துக்காக 1842இல் எழுதப்பட்டது. டெவன் மாவட்டத்து டிவர்ட்டன் ஊரில் 1847இல் ஒரு திருமணத்தில் ஆர்கனில் வாசிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளின் திருமணத்தில் ஒலித்த பிறகே ஊரெல்லாம் பரவியது. பாகெல்பெல்லின் கேனனோ இன்னும் புதிய 'மரபு'. 17ஆம் நூற்றாண்டின் அந்தப் படைப்பு, ழான்-பிரான்சுவா பய்யார் 1968இல் பதிவுசெய்த பிறகுதான் உலகப் புகழ் பெற்றது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருவதாக நினைக்கப்படும் பலவற்றைத் தாத்தா பாட்டி தம் திருமணத்தில் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கிளாரினெட் பக்கம் திரும்பினால் பிறப்புக் கதைகள் இன்னும் இருண்டவை. மோட்சார்ட் தம் நண்பர் அன்டோன் ஷ்டாட்லருக்காக எழுதிய கான்செர்ட்டோ (கே. 622) 1791 இலையுதிர் காலத்தில் முடிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார். அதன் அடாஜியோ 1985இல் 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' திரைப்படத்தில் ஒலித்த பிறகு திருமணத்துக்கும் சவ அடக்கத்துக்கும் ஒருங்கே வேண்டப்படும் இசையாயிற்று. புலான்க்கின் சொனாட்டா நண்பர் ஹோனெகரின் நினைவுக்கு எழுதப்பட்டது. 1963 ஏப்ரலில் நியூயார்க்கில் பென்னி குட்மேனும் லெனார்டு பெர்ன்ஸ்டைனும் அதை அரங்கேற்றியபோது புலான்க்கும் உயிரோடு இல்லை. சான்-சான்ஸ் தம் கடைசி ஆண்டான 1921இல் எழுதிய சொனாட்டாவின் மூன்றாம் பகுதி இறுதி ஊர்வலம் போலவே நகர்கிறது. பிராம்ஸ் எழுதுவதையே நிறுத்திவிட எண்ணியிருந்தவர். மைனிங்கன் குழுவின் ரிச்சர்டு மியூல்ஃபெல்டின் வாசிப்பைக் கேட்டுத்தான் மறுபடி பேனா எடுத்தார். அப்படிப் பிறந்த குவின்டெட்டிலும் (1891) மாலை வெயிலின் சாயலே அதிகம்.

இவற்றைக் காரணம் காட்டி ஒதுக்குவது சரியா? இல்லை என்றே தோன்றுகிறது. பாட்டுக்குச் சொற்கள் இருந்து, கேட்பவர்களுக்கு அச்சொற்கள் புரிந்தால் பிறப்புக் கதைக்குப் பலம் உண்டு. சொற்களற்ற கருவி இசையில் நூற்றைம்பது ஆண்டுப் புழக்கம் பிறப்புக் கதையை அழித்து எழுதிவிடுகிறது. மெண்டல்சோன் அணிநடையைக் கேட்டு யாருக்கும் அந்த நாடகத்தில் கழுதைத் தலையோடு வரும் பாட்டம் என்ற பாத்திரம் நினைவுக்கு வருவதில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டிய நினைவு வேறு. மணமகளின் தந்தையின் அடக்கத்தில் அந்த அடாஜியோ ஒலித்திருந்தால் அது அந்த வீட்டுக்குத் துக்கப் பாட்டு. எந்த இசை வரலாற்று நூலிலும் அந்தத் தகவல் கிடைக்காது. மணமக்களிடம் கேட்டால் மட்டுமே தெரியும். கூலிக்கு வரும் கலைஞர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படலாம். நண்பர் கேட்கலாம்.

4. கிளாரினெட் சொந்த வீட்டில் இருக்கும் திருமணங்கள்

கிளாரினெட்டுக்குத் திருமண மரபு இல்லை என்று மேலே சொன்னது மேற்கு ஐரோப்பாவுக்கும் அதன் கச்சேரி மேடைக்கும் மட்டுமே பொருந்தும். கிழக்கே போனால் கல்யாணம் என்றாலே கிளாரினெட் என்ற நிலை.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் முன்பு வயலினே முன்னணி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிளாரினெட் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பின்பு முழுமையாகப் பிடித்தது. கலீசியாவிலிருந்து 1908இல் நியூயார்க் வந்த நஃப்தூலே பிராண்ட்வைன், உக்ரைனிலிருந்து 1921இல் வந்த டேவ் தாராஸ் இருவரும் அந்நகரத்துத் திருமணக் கூடங்களை ஆண்டவர்கள். தம் விரல்களைப் போட்டியாளர்கள் பார்த்துவிடாதபடி பிராண்ட்வைன் கூட்டத்துக்கு முதுகு காட்டி வாசிப்பாராம், கதையாகவும் இருக்கலாம். தாராஸுக்கு 1984இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது.

இந்த மரபில் எந்தப் பாட்டு என்பதைச் சடங்கின் எந்தக் கணம் என்பதே முடிவு செய்கிறது. மணப்பெண்ணை நடுவில் அமர்த்தி, பத்ஹன் என்ற கட்டியங்காரர் எதுகை மோனையோடு வாழ்க்கையின் பொறுப்புகளைப் பாடி அவளை அழவைப்பார். அப்போது கிளாரினெட்டும் விம்மும். அழுகையில் தொண்டை அடைப்பது போன்ற ஒரு அசைவு அந்த இசையின் முத்திரை. மணப்பந்தலுக்கு நடக்க வேறு நடை. கண்ணாடிக் குவளை மிதிபட்டு உடைந்த மறுநொடியே 'ஃபிரெய்லெக்ஸ்' என்ற துள்ளல் நடனம். சம்பந்திகள் சண்டையிட்டுச் சமாதானமாவதாக நடிக்கும் ஆட்டத்துக்கும், விருந்தினரைத் தெருவழியே வீட்டுக்கு அனுப்புவதற்கும் தனித்தனி மெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் சிறு சிறு பகுதிகளால் ஆனது; பகுதியை எத்தனை முறை திருப்புவது என்பதை ஆடுகிறவர்களின் கால்கள் தீர்மானிக்கும். வாசிப்பவரின் கண் தாளில் இருக்காது, கூட்டத்தில் இருக்கும்.

பல்கேரியத் திரேஸ் பகுதியில் 1970களிலும் 80களிலும் 'திருமண இசை' என்ற பெயரிலேயே ஒரு தனி வகை வளர்ந்தது. 1974இல் 'திராக்கியா' குழுவைத் தொடங்கிய இவோ பாபசோவ் அதன் பெரிய பெயர். ஒலிபெருக்கி வைத்து மணிக்கணக்கில் வாசிக்கும் அந்தக் குழுக்களுக்காக மணவீட்டார் திருமணத் தேதியையே தள்ளிவைத்துக் காத்திருந்ததாகச் சொல்வார்கள். துருக்கிய, ரோமாச் சாயலை 'தூய்மையற்றது' என்று கருதிய கம்யூனிஸ்ட் அரசு 1982இல் பாபசோவைச் சிறையில் அடைத்தது. ஒரு கல்யாணக் கிளாரினெட் வாசிப்பவரைக் கண்டு அரசு அஞ்சியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கிரேக்கத்தின் எபிரஸ் மலைநாட்டு விழாக்களில் கிளாரினெட் பெரும்பாலும் தொடங்குவது 'மிரொலோய்' என்ற ஒப்பாரியில். இறந்தவர்களை முதலில் நினைத்துவிட்டுத்தான் ஆட்டம். மங்கல நிகழ்ச்சியில் சோக இசை கூடாது என்ற விதி உலகப் பொதுவிதி ஆகாது என்பதற்கு எபிரஸும் கிளெஸ்மரும் போதும். மோட்சார்ட் அடாஜியோவின் சோகத்தைக் குற்றமாகச் சொல்கிறவர்கள் இந்த மரபுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

5. தமிழ் மணமேடையின் சாட்சியம்

சடங்கின் கணமே இசையை முடிவு செய்யும் என்ற தர்க்கம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. மணமேடை அருகே நாகசுரக்காரர் ராக ஆலாபனை செய்துகொண்டிருப்பார். பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும், ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டுத் தவிலோடு உச்சத்தில் முழங்க வேண்டும். தாலி ஏறியதும் மறுபடி இறங்கி வர வேண்டும். ஆலாபனைக்கு இந்த இடைமறிப்பால் குறைவே இல்லை. எங்கே நிறுத்தினாலும் நின்றுகொள்ளும் வடிவம் அது. அந்த இடத்தில் தாளக் கட்டோடு ஒரு பெரிய கீர்த்தனையின் அனுபல்லவி நடுவே நிற்பது எவ்வளவு சங்கடம் என்பதை நாகசுரக்காரர்கள் அறிவார்கள். அதனால்தான் முகூர்த்த நேரம் நெருங்கும்போது ராகத்தில் இருக்கிறார்கள்.

கிளாரினெட்டும் இந்த மண்ணில் அந்நியமல்ல. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்துக்குள் கொண்டுவந்ததாக இசை வரலாற்றாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் குழுக்கள் வழியாகவும் அது பரவியது. திருச்சியில் 1931இல் பிறந்து, 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அழைக்கப்பட்ட ஏ.கே.சி. நடராஜன், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரம் கற்றவர். நாகசுரத்தின் கமகங்களைக் கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்து, தவில் துணையோடு முழுக் கச்சேரி நடத்திக் காட்டினார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 2008இலும் பத்மஸ்ரீ 2022இலும் அவருக்கு வழங்கப்பட்டன. சாவிகளும் துளைகளும் கொண்டு படிப்படியான சுரங்களுக்காகச் செய்யப்பட்ட ஐரோப்பியக் கருவி, ஆலாபனையின் நெகிழ்ச்சிக்கும் வளைந்துகொடுக்கும் என்பதற்கு அவருடைய வாசிப்பே சான்று.

6. நீளம் என்ற அளவுகோல்

இந்த மரபுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத் தன்மை தெரிகிறது. திருமணத்தில் நிலைத்த இசையெல்லாம் நீட்டவும் குறைக்கவும் இடம் தரும் இசை. பாகெல்பெல்லின் கேனன் வென்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எட்டே சுரங்கள் கொண்ட ஒரு தாழ்குரல் வரி 28 முறை திரும்ப வருகிறது. மணப்பெண் மூன்றாவது சுற்றில் வந்து நின்றாலும் பத்தாவது சுற்றில் வந்து நின்றாலும் அடுத்த சுற்றின் முடிவில் நிறுத்திவிடலாம். யாருக்கும் வெட்டியதாகத் தெரியாது.

மோட்சார்ட் அடாஜியோ இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ ஏழு நிமிடம். முதல் பகுதி, நடுப் பகுதி, மெல்லிய குரலில் முதல் பகுதி திரும்புதல் என்று முழுவதையும் கேட்டால்தான் அது அடாஜியோ. தேவாலய நடுவழியில் ஒருவர் நடந்து வர ஒன்றிரண்டு நிமிடங்களே ஆகும். அழகை நம்பி அதைத் தேர்ந்தெடுத்தவர் பாதியில் அறுக்க வேண்டும், அல்லது மணப்பெண்ணும் குருவும் காத்திருக்கத் தாம் வாசித்து முடிக்க வேண்டும். முன்னது மோட்சார்ட்டுக்கு அவமரியாதை, பின்னது நண்பருக்கு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நீட்டிச் சுருக்கும் இசையை மட்டும் வாசிப்பது கலைஞரைப் பின்னணி ஒலியாகக் குறைத்துவிடாதா? முழு வடிவமுள்ள ஒரு படைப்பை நண்பருக்குக் காணிக்கையாகத் தருவதற்கு இடமே இல்லையா? இடம் உண்டு. மணமக்கள் கையெழுத்திடும் நேரம் அது. எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், பார்ப்பதற்கு ஒன்றும் இராது. ஆனால் அந்த இடமும் இப்போது சுருங்கிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே வரை தேவாலயத்தில் இரண்டு பதிவேடுகளில் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. இப்போது ஒரே ஆவணத்தில் ஒப்பமிட்டால் போதும், பதிவு கணினியில் நடந்துவிடுகிறது. முன்பு தாராளமாகக் கிடைத்த நேரத்தை இன்றைய கலைஞர் எதிர்பார்க்க முடியாது. ஷூமன் 1849 பிப்ரவரியில் இரண்டே நாளில் எழுதிய 'கற்பனைத் துண்டுகள்' (ஓப்பஸ் 73) மூன்றையும் வாசிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். முதலாவதை மட்டும் வாசித்தால் மூன்று நிமிடத்தில் முடியும், அதுவே தனியாகவும் நிற்கும்.

7. கருவியின் உடலும் வாசிப்பவரின் மூச்சும்

தேர்வை முடிவு செய்யும் இன்னொன்றை இசை வரலாறு பேசுவதில்லை. சாதாரணக் கிளாரினெட் பி-ஃபிளாட் சுருதிக்கானது. எழுதியதைவிட ஒரு முழுத் தொனி கீழே ஒலிக்கும். டி மேஜரில் இருக்கும் கேனனை ஆர்கனோடு சேர்ந்து வாசிக்க, கிளாரினெட்காரர் நான்கு ஷார்ப் கொண்ட ஈ மேஜரில் விரல் ஓட்ட வேண்டும். ஏ கிளாரினெட் கையில் இருந்தால் அதே பாட்டு ஒரே ஒரு ஃபிளாட் கொண்ட எஃப் மேஜருக்கு வந்துவிடும். சிம்பொனிக் குழுக் கலைஞர்கள் இரண்டையும் வைத்திருப்பார்கள். பள்ளியோடு நிறுத்தியவரிடம் ஒன்றுதான் இருக்கும். ஆர்கன்காரரிடம் சொல்லி வேறு சுருதிக்கு மாற்றிக்கொள்வதே அவருக்கு எளிது.

குளிர் அடுத்த எதிரி. சூடேறாத கல் தேவாலயத்தில் முக்கால் மணி நேரம் சும்மா மடியில் கிடந்த கிளாரினெட் சுருதி இறங்கிவிடும். ஆர்கனின் சுருதியும் கூடத்தின் வெப்பத்தைப் பொறுத்தே மாறும்; அதை அன்றைக்கு யாராலும் திருத்த முடியாது. சுருதி உயர்ந்துபோனால் கிளாரினெட்டின் பீப்பாய்ப் பகுதியை இழுத்து நீட்டி இறக்கலாம். தாழ்ந்துபோனால், முழுக்க மூடிய பிறகு மேலும் குறுக்க வழியில்லை. குட்டையான பீப்பாய் ஒன்றைக் கூடவே கொண்டுவருபவர்கள் இதற்காகத்தான் கொண்டுவருகிறார்கள். தோட்டத்துத் திருமணத்தில் வெயில் ரீடை உலர்த்தும். திடீர்க் குளிரில் கருமரக் கருவி வெடிப்பதும் உண்டு. திறந்தவெளிக்கு பிளாஸ்டிக் கிளாரினெட்டைக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அத்தோடு, நண்பரின் திருமணத்தில் நண்பருக்குத் தொண்டை அடைக்கும். உதடு நடுங்கினால் முதலில் கெடுவது மெதுவான, நீண்ட, மெல்லிய சுரங்கள்தாம். மேடையில் நூறு முறை வாசித்த மெதுநடைப் பகுதி அன்றைக்குக் கைவிடக்கூடும். வேகமான சிறு மெட்டு அவ்வளவு எளிதில் கைவிடாது. அழகான மெதுநடைப் பகுதிகளின் பக்கம் சாயும் பொதுப் பழக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் இதுவே.

8. என்ன வாசிக்கலாம்?

விருந்தினர் வந்து அமரும் நேரத்துக்கு எதுவும் பொருந்தும். மோட்சார்ட் நண்பர் வீட்டுக் கூடத்துக்காக 1786இல் எழுதி, ஷ்டாட்லர் கிளாரினெட்டும் தாம் வயோலாவும் வாசித்த 'கேகல்ஷ்டாட்' டிரியோ (கே. 498) இந்த நேரத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது. பாட்டுக்காரத் தோழி ஒருவரும் இருந்தால், ஷ்போர் குரலுக்கும் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஆறு ஜெர்மன் பாடல்களிலிருந்து (ஓப்பஸ் 103) ஒன்றிரண்டு எடுக்கலாம். அதே கூட்டணிக்கு ஷூபர்ட் 1828இல், தம் கடைசி மாதங்களில் எழுதிய 'பாறைமேல் மேய்ப்பன்' பெரிய படைப்புதான்; பன்னிரண்டு நிமிட நீளமும் நடுவே வரும் தனிமைத் துயரமும் அதை விருந்து மாலைக்கு ஒத்திப்போடச் சொல்கின்றன.

மணமகள் நடந்து வரும்போது திரும்பத் திரும்ப வரும் சிறு பகுதிகளால் ஆன பாட்டு வேண்டும். கேனன் போதும், சலித்துப்போனதாகத் தோன்றினால் மூன்று கிளாரினெட்டும் ஒரு பாஸ் கிளாரினெட்டும் சேர்த்து வாசித்தால் அதே பாட்டுக்குப் புது நிறம் வரும். கையெழுத்து நேரத்துக்கு ஷூமனின் முதல் துண்டோ, ஜெரால்டு ஃபின்சியின் ஐந்து சிறு படைப்புகளில் (ஓப்பஸ் 23) 'கேரல்' அல்லது 'ஃபோர்லானா'வோ. எல்லாமே குறுகியவை, நடுத்தரக் கைக்கு எட்டுபவை.

விருந்தில் ஜாஸ் மெட்டுகளே அரசன். 32 தாளக்கட்டுகளில் ஒரு சுற்று முடியும் சாதாரண ஜாஸ் பாட்டை எந்தச் சுற்றின் முடிவிலும் நிறுத்தலாம். ஆர்ட்டி ஷா 1938இல் புகழாக்கிய 'பிகின் த பிகீன்' விதிவிலக்கு: 108 தாளக்கட்டுகள், ஆரம்பித்தால் முடிக்கத்தான் வேண்டும். ஏக்கர் பில்க்கின் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த ஷோர்' முதலில் அவர் மகளின் பெயரைத் தாங்கியிருந்த பாட்டு. 1962இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டது. மூன்று நிமிடத்துக்குள் முடியும், கேட்பவர்களில் பாதிப்பேருக்கு முன்பே தெரியும். ஜாஸ் கிளாரினெட் கலைஞர் சிட்னி பெஷே 1951இல் பிரான்சின் ஆந்தீப் நகரில் மணம் செய்துகொண்டபோது ஜாஸ் குழுக்கள் தெருவில் ஊர்வலமாகப் போயின. கையில் கருவியும் சுற்றிலும் நண்பர்களும் உள்ள ஒருவருக்கு அதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்காது. கிளெஸ்மர் மெட்டுகளையும் எடுக்கலாம், ஆனால் அந்த விம்மலைக் கேலிக் கூத்தாக்காமல் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் விட்டுவிடுவதே மரியாதை.

நண்பர்களுக்குள் இசை கைமாறிய கதைகளில் மிக உற்சாகமானது மெண்டல்சோனுடையது. கிளாரினெட் வாசித்த பேர்மன் தந்தையும் மகனும் பெர்லின் வந்திருந்தபோது, தமக்குப் பிடித்த மாவுருண்டையும் பாலேட்டுப் பலகாரமும் சமைத்துப் போடும்படி கேட்டு, அதற்கு ஈடாக 1832 டிசம்பரில் அவர்களுக்கு ஒரு துள்ளலான இரட்டை வாசிப்பை (ஓப்பஸ் 113) எழுதிக் கொடுத்தார். எட்டே நிமிடம். திருமண விருந்தில் அதன் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் கூட்டம் எழுந்து கைதட்டும்.

கிளாரினெட்டுக்கான திருமணத் தொகுப்புகளை அச்சிடும் பதிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டிலும் எந்தெந்த இடத்தில் நிறுத்தலாம், எங்கிருந்து திரும்பத் தொடங்கலாம் என்பதைக் குறித்து வெளியிட வேண்டும். அதுவரை வாசிப்பவர்கள் பென்சிலை எடுத்துத் தம் தாளில் தாமே குறித்துக்கொள்ளட்டும்.